ஆளில்லாத பாதையைத் தேடுவது எப்படி: சேர்வராயன் மலைத் தபால்காரரின் எரிமலைத் தீவுக் குறிப்புகள்

ஒரு பாதை எங்கே போகிறது என்று அதன் ஓரத்தில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். அந்தப் பாதையில் நடந்து வருகிறவரிடம் கேளுங்கள். நிற்பவர் தான் கேள்விப்பட்டதைச் சொல்வார். வருகிறவர் இன்று காலை தன் காலில் பட்டதைச் சொல்வார். சேர்வராயன் மலையில் 31 ஆண்டுகள் தபால் பையோடு நடந்த எனக்கு இதுதான் முதல் பாடம். நாகலூர், செம்மநத்தம், கொட்டச்சேடு, கரடியூர் என்று காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போய், முதியோர் உதவித்தொகை மணியார்டரையும் கல்யாணப் பத்திரிகையையும் வாசலில் கொடுத்தவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு, மகளும் மருமகனும் இருக்கும் மொரீஷியஸுக்கு மூன்று முறை போய்வந்தேன். மூன்றாவது முறை அங்கிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கும் போய் ஏழு நாள் நடந்தேன். இரண்டுமே எரிமலையால் உண்டான தீவுகள். பேர்பெற்ற சிகரங்களுக்கு வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டம் இல்லாத பாதையைக் கண்டுபிடித்து, அதில் பத்திரமாகப் போய்த் திரும்புவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சேலத்துப் பக்கமிருந்து போகிறவர்கள் நம் மலையையே பயிற்சிக் களமாகக் கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மலையின் கல் சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. மழையிலும் வெயிலிலும் தேய்ந்து உருண்டு போயிருக்கிறது. இடுக்குகளில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாசி மாதத்தில்கூட ஏதாவது ஒரு பள்ளத்தில் சுனை கசிவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை எரிமலைத் தீவுக்குக் கொண்டு போனால் ஆபத்து.

மொரீஷியஸின் வயது சுமார் 80 லட்சம் ஆண்டுகள். ரீயூனியன் அதைவிட மிக இளையது; அதன் தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிறது. இந்தத் தீவுகளைக் கடலடியிலிருந்து எழுப்பிய, பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் அதே வெப்ப ஊற்றுதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கரும்பாறைப் பரப்பையும் உண்டாக்கியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த படிப்படியான கருமலைகளும் நான் மிதித்துக்கொண்டிருந்த கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று மருமகன் சொன்னபோது, குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேன்கூடு போல உள்ளே எல்லாம் துளை. இவ்வளவு பெரிய கல் இவ்வளவு லேசா என்று இருந்தது.

அந்தத் துளைகள்தான் நடப்பவனுக்கு முக்கியம். இளம் எரிமலைக்குழம்புப் பாறை மழையை அப்படியே குடித்துவிடும். மேலே எவ்வளவு பெய்தாலும் பாதையோரத்தில் சொட்டு நீர் கிடைக்காது. தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீரை வீட்டிலிருந்தே சுமந்து போங்கள். கீழே ஓடையைக் கண்டாலும் வாய் வைக்காதீர்கள். ரீயூனியனில் எலிக்காய்ச்சல் உண்டு, அது இப்படிப்பட்ட நீரில்தான் பரவுகிறது.

உறைந்த குழம்பில் இரண்டு வகை. ஒன்று கயிறு திரித்தது போல மடிப்பு மடிப்பாக வழவழவென்று இருக்கும். அதில் நடப்பது சுகம். மற்றொன்று உடைந்த கருங்கட்டிகள் குவிந்தது. ரீயூனியனில் அதை 'கிராத்தோன்' என்கிறார்கள். அதன் மேல் கை ஊன்றினால் தோல் கிழியும். தோட்ட வேலைக்குப் போடும் துணிக் கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பழைய தீவான மொரீஷியஸில் பாறை மட்கிச் செம்மண் ஆகிவிட்டது. மழைக்குப் பின் அந்த மண், சேர்வராயன் கோவில் பக்கத்துச் செம்மண்ணை விட அதிகமாக வழுக்குகிறது.

மேகம்தான் கடிகாரம்

ஏற்காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். விடியலில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் மலை, வெயில் ஏறியதும் கீழிருந்து புகை கிளம்புவது போல மூடிக்கொள்ளும். உயர்ந்த எரிமலைத் தீவில் இது இன்னும் கண்டிப்பாக நடக்கும். கடல் சூடாகிறது, ஈரக்காற்று சரிவில் ஏறுகிறது, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேல்மலை மேகத்துக்குள் போய்விடும். அதனால் முதல் வெளிச்சத்தில் நடக்கத் தொடங்குங்கள். மேலே போக வேண்டிய தூரம் மீதியிருந்தாலும் நண்பகலில் திரும்பிவிடுங்கள். குளிர்மாதங்களில் அங்கே ஆறு மணிக்குள் இருட்டிவிடும். வெப்ப மண்டலத்து அந்தி சட்டென்று அணைந்துவிடும்.

மே முதல் அக்டோபர் வரை போவதே நல்லது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். அந்தத் தீவுகளின் மழை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, ரீயூனியனின் கொமெர்சோன் எரிமலை வாய் அருகே மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது. சேலத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். நான்கு ஆண்டு மழை மூன்றே நாளில். அந்த நீர் முழுவதும் செங்குத்தான பள்ளங்கள் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே கறுத்திருந்தால் பள்ளத்தில் இறங்காதீர்கள். கடக்க வேண்டிய ஓடை கலங்கத் தொடங்கினால் இந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

எந்தப் பாதை?

இரு தீவுகளிலும் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. கிழக்குச் சரிவு ஈரம், பச்சை. மேற்கு காய்ந்தது, கடற்கரை விடுதிகள் நிறைந்தது. சுற்றுலாப் பயணிகள் மேற்கில் தங்கி மேற்கிலேயே ஏறுகிறார்கள். மொரீஷியஸில் லெ மோர்ன் மலையும், 1836இல் சார்லஸ் டார்வின் ஏறிய லெ பூஸ் சிகரமும் காலையிலேயே நிறைந்துவிடும். லெ மோர்ன் மலை, தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். ஒரு முறை போய் வணங்கிவிட்டு வர வேண்டியதுதான். அமைதிக்கு அது இடமல்ல.

அமைதிக்கு நான் சொல்வது கிழக்குப் பக்கத்தை. பழைய கிராண்ட் போர்ட் ஊருக்குப் பின்னால் படுத்த சிங்கம் போல இருக்கும் லயன் மலை 480 மீட்டர்தான். வார நாளில் போனபோது கீழிருந்து உச்சி வரை ஒருவரையும் காணவில்லை. அந்தப் பக்கத்து மலைகளில்தான் மொரீஷியஸ் வல்லூறு பறக்கிறது. 1974இல் உலகத்திலேயே நான்கு மட்டும் எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட பறவை அது. தென்மேற்கில் பிளாக் ரிவர் தேசியப் பூங்காவுக்குள் மக்காபே காடு வரை எல்லோரும் வருவார்கள். காட்சி மேடையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த மேடைக்கு அப்பால் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் செங்குத்துப் பாதையில் கூட்டம் கரைந்துவிடும். புதிய பாதையைத் தேட வேண்டியதில்லை; தெரிந்த பாதையில் எல்லோரும் திரும்பும் இடத்தைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தால் பல சமயம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கான கால்பலமும் தண்ணீரும் திரும்பும் நேரமும் கையில் இருக்க வேண்டும்.

மொரீஷியஸில் மலையடிவாரம் பெரும்பாலும் கரும்புத் தோட்டமும் மான் வேட்டைக்கான தனியார் காடும்தான். கேட் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்து வழியில் அனுமதி கேட்காமல் போகிறவனை நம் ஏற்காட்டு எஸ்டேட் காவல்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் அங்கேயும் பார்ப்பார்கள். கேட்டுவிட்டால் வழியும் சொல்வார்கள்.

கேட்பது எப்படி?

என் மகள் இருக்கும் காத்ர் போர்ன் ஊருக்கு மேலே கோர் தெ கார்ட் மலை. அதன் சரிவில் முருகன் கோவில். தைப்பூசக் காவடி அங்கே ஏறுகிறது. அன்று நாட்டுக்கே பொது விடுமுறை. கோவிலை அங்கும் 'கோவில்' என்றே சொல்கிறார்கள். முருங்கைக் கீரைக்கு 'ப்ரேட் முரும்', ரசத்துக்கு 'ரசோன்'. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். கோவிலில் சந்தித்த பெரியவர் "வணக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, எனக்குக் கிரியோல் வரவில்லை. 'சிமே' என்றால் வழி என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். "சிமே?" என்று மலையைக் காட்டினேன். அவர் என் கைத்தடியை வாங்கி, தரையில் கோடு போட்டு, ஓரிடத்தில் குறுக்கே இரண்டு கோடு கிழித்துத் தலையை ஆட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் பாதை சரிந்து கிடந்தது.

கேட்க மூன்றே கேள்விகள். நீங்கள் கடைசியாக அங்கே போனது எப்போது? எவ்வளவு நேரம் ஆகும்? எங்கே திரும்பி வருவீர்கள்? தூரத்தைக் கேட்காதீர்கள். நம் மலைக்காரர்கள் 'ஒரு வெற்றிலை போடும் நேரம்' என்பது போல, மலையில் வாழ்கிறவர்களுக்கு நேரம்தான் அளவு. ரீயூனியனில் ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும் பாதைகள் உண்டு.

வரைபடத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ரீயூனியனுக்கு 1:25,000 அளவில் பிரெஞ்சு நில அளவைத் துறையின் வரைபடம் கிடைக்கிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். உயரக் கோடுகளை எண்ணுங்கள். என் கணக்கு: தட்டையான பாதையில் மணிக்கு மூன்று கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். உங்கள் கணக்கை நம் மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து நீங்களே கண்டுபிடியுங்கள். ஏறுவதை விட இறங்குவதைப் பழகுங்கள். முதலில் நடுங்குவது தொடைதான். ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் பாருங்கள். கால் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் கறுத்துவிடும்.

பாம்புக்குப் பயந்து கண்ணைத் தரையில் வைத்தே நடக்க வேண்டியதில்லை. விஷப் பாம்பு இரு தீவுகளிலும் இல்லை. குளவி இருக்கிறது. லயன் மலையில் சறுக்கியபோது எட்டிப் பிடித்த கிளையின் இலைக்கடியில் மஞ்சள் குளவிக்கூடு. இரண்டு நாள் உள்ளங்கை மூடவில்லை. அதற்குப் பிறகு தடியால் தட்டிப் பார்க்காமல் எந்தக் கிளையையும் தொடுவதில்லை.

காலணியைப் புறப்படும் முன் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். உண்ணிச்செடி நம் மலையை எப்படி வளைத்துக்கொண்டது என்று பார்த்திருக்கிறோம். அங்கே சீனக் கொய்யா சொந்தக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பழத்தைக் கூடை கூடையாகப் பறிக்கிறார்கள், இனிப்பாகவே இருக்கிறது. அதன் நிழலில் கருங்காலிக் கன்று முளைப்பதில்லை. இங்கிருந்து விதை, பழம், செடி எதையும் கொண்டு போகாதீர்கள். அங்கே அரிசியும் புளியும் கடையில் கிடைக்கும். புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். மாலை வரை கெடாத மலைச் சாப்பாடு வேறு இல்லை.

மஃபாத்

ரீயூனியனுக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு தபால்காரர். அந்தத் தீவின் நடுவில் பித்தோன் தே நேஜ் என்ற அணைந்த எரிமலை, 3,000 மீட்டருக்கு மேல். அதைச் சுற்றி இடிந்து குழிந்த மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். அவற்றில் ஒன்று மஃபாத். அங்கே சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த இடமும் அதுதான். அங்கே இவ்ரேன் போஸே என்ற தபால்காரர் 1951 தொடங்கி நாற்பது ஆண்டுகள் கால்நடையாகவே ஊர் ஊராகத் தபால் கொடுத்திருக்கிறார். மருமகன் இதைச் சொன்ன அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் விசா பற்றி விசாரிக்கச் சொன்னேன். மொரீஷியஸுக்கு இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை; ரீயூனியன் பிரான்சின் பகுதி, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஆகவே விண்ணப்பத்தில் ரீயூனியன் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

மஃபாதுக்குள் பெரும்பாலோர் கோல் தே பே கணவாய் வழியாக லா நூவெல் ஊருக்கு இறங்குகிறார்கள். சுமார் இரண்டு மணி நேரம், எளிது, கூட்டம். நான் எடுத்தது மேற்கிலிருந்து போகும் குழாய்ப் பாதை. சான் சூசி என்ற ஊரில் தொடங்கி, குடிநீர்க் குழாயை ஒட்டியே மலைச்சுவரில் வெட்டிய பாதை. லெஸ் ஓரான்ஜே என்ற சிற்றூர் வரை பெரிய ஏற்றமே இல்லை. ஆனால் அகலம் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கலே ஆற்றுப் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்கள் போகவே கூடாது. மழைக்கு மறுநாள் கல் விழும். பாதை மூடப்பட்டிருக்கிறதா என்று முந்தின நாள் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மூடியிருப்பதாகப் பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை, திரும்பிவிடுங்கள்.

தொடக்கத்தில் ஒரு அம்மா ஆட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். பாதையைக் காட்டிக் கேட்டேன். அவர் கட்டை இறக்கி வைத்தார். கையைக் காதில் வைத்தார், மேலே பார்த்தார், பிறகு விரலை உதட்டில் வைத்தார். பேசாமல் போ, கல் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போ என்கிறார். நான்கு மணி நேரம் அப்படியே நடந்தோம், நானும் மருமகனும். குழாய்க்குள் ஓடும் நீர் பல்லி கத்துவது போல அங்கங்கே சொடுக்கியது. பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தத்தில் மேலிருந்து ஒரு சிறு கல் உருண்டு, எங்களுக்குப் பத்தடி முன்னால் பாதையைக் கடந்து பள்ளத்துக்குள் போனது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

ஓரான்ஜேயில் பந்தலில் சௌசௌ காய்த்துத் தொங்கியது. அங்கும் அதன் பெயர் 'ஷூஷூ'தான். ஒரு வீட்டு மரச்சுவரில் ஆணியடித்த மஞ்சள் தபால் பெட்டி. வெயிலில் வெளுத்து, மூடி ஓரத்தில் துரு. மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை, அடுத்தவர் தபால் அது. தொட்டு மட்டும் பார்த்தேன். நம் தகரப் பெட்டியைப் போலவே சூடாக இருந்தது.

அன்றிரவு ரோஷ் பிளாத் ஊரில் தங்கினோம். மஃபாதில் தங்குமிடங்கள் சில படுக்கைகளே கொண்டவை. போன் செய்து இடம் உறுதியான பிறகே உள்ளே இறங்குங்கள். இரவுச் சோறு, பீன்ஸ், காரத் துவையல் கிடைக்கும். ரொக்கமாக யூரோ வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் எங்கே போகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பள்ளத்தாக்கில் செல்போன் பல இடங்களில் எடுக்காது. எடுக்கும் இடத்தில் அவசர எண் 112.

மறுநாள் மாயிதோ விளிம்புக்கு ஏறினோம். சுமார் 900 மீட்டர் ஏற்றம். விடியலில் காரில் வந்து அந்த விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்கள் ஏராளம். நாங்கள் மேலே வந்தபோது மேகம் மூடி, அவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

அன்றன்றைக்கு நடந்ததை அன்று மாலையே எழுதி வையுங்கள். பீட்டுக்கு, அதாவது அன்றைய தபால் சுற்றுக்கு, போய்வந்த தபால்காரன் கணக்கு எழுதாமல் பையை மாட்டமாட்டான். நேரம், தண்ணீர், வானம், எதிரே வந்தவர்கள்: இந்த நான்கும் போதும். அடுத்த முறை போகும்போது உங்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. என் நோட்டிலிருந்து குழாய்ப் பாதை நாள்:

'சான் சூசி 6.15. ஓரான்ஜே 10.20. ரோஷ் பிளாத் 12.50. தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர் செலவு. மேகம் 9.40க்கு. எதிரே வந்தவர்கள் மூன்று பேர்: புல்கட்டு அம்மா, குழாய் சரிபார்ப்பவர், ஒரு பையனும் அவன் நாயும். நாயைச் சேர்க்காமல். கல் ஒன்று. மழை இல்லை.'